காமாக் கதிர் வெடிப்பில் அலைவு தேடுவது எப்படி?

1991 ஜூலை 11-இல் வானில் ஒரு காமாக் கதிர் வெடிப்பு. 1993 நவம்பர் 1-இல் இன்னொன்று. இரண்டும் கண் இமைத்துத் திறப்பதற்குள் முடிந்துபோனவை. காமாக் கதிர்களைக் கவனித்த காம்ப்டன் விண்கலத்தில் இருந்த பேட்ஸி என்ற கருவி அவற்றைப் பதிந்தது. பதிவுகள் நாசாவின் காப்பகத்தில் முப்பது வருடம் கிடந்தன. 2023 ஜனவரியில் சிசிலியா கிரெண்டியும் அவர் குழுவும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட குறுகிய வெடிப்புகளைச் சலித்ததில் இந்த இரண்டில் மட்டும் தாளம், அதாவது ஒளி ஓரளவு சீராக ஏறி இறங்கும் அலைவு, தென்பட்டது. முதலாவதில் 1,113 மற்றும் 2,649 ஹெர்ட்ஸ், இரண்டாவதில் 877 மற்றும் 2,612 ஹெர்ட்ஸ்.

இந்த வேலைக்குத் தொலைநோக்கி வேண்டாம். தரவு இலவசம், மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப் போதும். பைதான் கொஞ்சம் தெரிந்த இயற்பியல் மாணவர் ஒரு வார இறுதியில் முதல் தேடலை ஓட்டிவிடலாம். ஆனால் கிடைத்தது நிஜமா, தற்செயலா என்று சொல்லத் தெரிவதற்கு ஒரு வார இறுதி போதாது. எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எதைத் தேடுகிறோம்

குறுகிய வெடிப்புகள் பெரும்பாலும் பிறப்பது ஒரு மோதலில். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (செத்த விண்மீன்களின் மிக நெருக்கமான எச்சங்கள்) ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதுகின்றன. மோதிய பின் உடனே கருந்துளை ஆகிவிடலாம். அல்லது சில நூறு மில்லிவினாடிகள் வரை ஒரே கட்டியாகத் தாக்குப்பிடிக்கலாம். சுழலாமல் இருந்தால் அவ்வளவு எடையைத் தாங்காது. அசுர வேகத்தில் சுழல்வதால்தான் நொறுங்காமல் நிற்கிறது. மோதலில் பிறந்ததால் அது உருண்டையாக இருக்காது, இரண்டு பக்கமும் துருத்திய கொழுக்கட்டை மாதிரி இருக்கும். கொழுக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் துருத்தல் நம் பக்கம் இரண்டு முறை வரும். ஆகவே வினாடிக்கு 1,300 சுற்று சுற்றினால் 2,600 ஹெர்ட்ஸ். நமக்குத் தெரிந்த மிக வேகமான பல்சாரே (சுழன்றபடி துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) வினாடிக்கு 716 சுற்றுதான். கணினி உருவகப்படுத்தல்களும் இந்தக் கட்டியின் முக்கிய அலைவை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் வைக்கின்றன.

இதை ஈர்ப்பலையில், அதாவது மோதல் வெளியிலேயே எழுப்பும் அதிர்வில், கேட்பதுதான் நேர்வழி. ஆனால் லைகோ போன்ற கருவிகளுக்கு நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் பக்கம்தான் காது கூர்மை, கிலோஹெர்ட்ஸில் மந்தம். 2017 ஆகஸ்ட் 17-இல் 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் நடந்த மோதலில்கூட, மோதலுக்குப் பிந்தைய அலைவு ஈர்ப்பலையில் சிக்கவில்லை. எனவே இன்னொரு வழி: கட்டி துடிக்கும்போது, அதிலிருந்து பீறிடும் தாரைக்குப் போகும் தீனியும் சேர்ந்து துடித்தால், காமாக் கதிரின் பிரகாசத்தில் அந்தத் துடிப்பின் சாயல் இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும். துடிப்பு தாரைக்குள் எப்படி ஏறுகிறது என்பதற்கு முடிவான விளக்கம் இன்னும் இல்லை.

துடிப்பு ஒரே அதிர்வெண்ணில் நிற்கவும் நிற்காது. கட்டி சுருங்கச் சுருங்க அதிர்வெண் நகரும், சீக்கிரம் அடங்கும். அதனால் துறையில் இதை ‘ஏறக்குறைய ஒழுங்கான அலைவு’ என்பார்கள், பேச்சில் க்யூபிஓ. கடிகாரத்தின் டிக் டிக் அல்ல, கைதட்டிக் கைதட்டிக் களைத்துப்போகிற கூட்டத்தின் தாளம்.

முதல் வேலை: கோப்பை எடுப்பது

ஃபெர்மி விண்கலத்தின் ஜிபிஎம் கருவியில் தொடங்குங்கள். நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு கோப்புறை உண்டு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பிஎன்170817529 என்றால் 2017 ஆகஸ்ட் 17, அன்றைய நாளில் 0.529 பங்கு கழிந்தபோது நடந்த வெடிப்பு. 0.529-ஐ 24-ஆல் பெருக்கினால் மதியம் 12 மணி 41 நிமிடத்தை ஒட்டி வரும், உலகப் பொது நேரப்படி. ஈர்ப்பலை வந்து 1.7 வினாடி கழித்து வந்த அந்தப் புகழ்பெற்ற வெடிப்பேதான்.

கோப்புறைக்குள் பல வகைக் கோப்புகள் இருக்கும். நமக்கு வேண்டியது டிடிஇ என்று பெயரில் உள்ளவை மட்டும். மற்றவை நேரத்தைக் கட்டம் கட்டமாகக் கூட்டி வைத்தவை; கிலோஹெர்ட்ஸ் வேலைக்கு உதவாது. டிடிஇ கோப்பில் ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரம் இரண்டு மைக்ரோவினாடித் துல்லியத்தில் இருக்கும், கூடவே எந்த ஆற்றல் தடத்தில் விழுந்தது என்பதும். ஜிபிஎம்மில் சோடியம் அயோடைடு உணரிகள் 12, பிஸ்மத் ஜெர்மனேட் உணரிகள் 2. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு. ஃபிட்ஸ் வடிவம், ஆஸ்ட்ரோபை நூலகம் திறந்துவிடும். அதற்குமேல் நிறமாலை வேலைகளுக்கு ஸ்டிங்ரே என்ற நூலகம் நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் முறை எல்லாவற்றையும் கையால் எழுதுங்கள். இருபது வரிதான்.

எல்லா உணரிகளையும் சேர்த்துவிடாதீர்கள். வெடிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் உணரி பின்னணியை மட்டுமே கொண்டுவந்து கொட்டும். வெடிப்பை நேராகப் பார்த்த மூன்று நான்கு போதும். 170817-க்கு அவை 1, 2, 5 என்ற எண்ணுள்ள சோடியம் அயோடைடு உணரிகள். ஆனால் அந்த வெடிப்பைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பெரியது, ஒளி மங்கல்.

சூரியமையத் திருத்தம் செய்ய வேண்டுமா என்று பல்சார் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். வேண்டாம். பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அதனால் 2,600 ஹெர்ட்ஸில் வரும் நகர்வு கால் ஹெர்ட்ஸ். பத்தில் ஒரு வினாடி நீளமுள்ள தரவில் நம்மால் பிரித்தறிய முடிவதே 10 ஹெர்ட்ஸ்தான்.

இரண்டாவது வேலை: பார்ப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

ஒளிவளைவை (நேரத்தோடு பிரகாசம் மாறும் வரைபடம்) ஒரு முறை வரைந்து பாருங்கள், வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிவதற்கு. பிறகு கணினியை விட்டுவிட்டு ஒரு நோட்டை எடுத்து நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த நேரச் சன்னல் (தரவில் எந்த நேரத் துண்டு), எந்த ஆற்றல் வரம்பு, எந்த அதிர்வெண் வரம்பு, எத்தனை வெடிப்பு. தேதி போடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் செய்யுங்கள். காரணம் கீழே வருகிறது.

மூன்றாவது: திறனைக் கணக்கிடுவது

பலர் ஃபோட்டான்களைச் சிறு சிறு நேரக் கட்டங்களில் எண்ணி, ஃபூரியே உருமாற்றம் செய்கிறார்கள். கட்டம் 0.1 மில்லிவினாடி என்றால் 5,000 ஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். ஆனால் கட்டம் கட்டினால் உயர் அதிர்வெண் மங்கும். 2,600 ஹெர்ட்ஸில் இந்தக் கட்ட அளவு திறனில், அதாவது அந்த அதிர்வெண்ணில் தாளம் எவ்வளவு பலமாகத் தெரிகிறது என்பதில், ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஃபோட்டான்கள் சில ஆயிரம்தான் என்பதால் கட்டமே கட்டாமல் நேராகப் போகலாம்.

ஒரு அதிர்வெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபோட்டான் வந்த நேரத்தையும் அதோடு பெருக்கி, இரண்டு பையாலும் (2π) பெருக்கினால் ஒரு கோணம் வரும். எல்லாக் கோணங்களின் கொசைன்களைக் கூட்டுங்கள், சைன்களைத் தனியே கூட்டுங்கள். இரண்டையும் வர்க்கப்படுத்திச் சேர்த்து, இரண்டால் பெருக்கி, ஃபோட்டான் எண்ணிக்கையால் வகுங்கள். வருவதுதான் அந்த அதிர்வெண்ணின் திறன். ஃபோட்டான்கள் தாறுமாறாக வந்திருந்தால் கோணங்கள் வட்டத்தைச் சுற்றிச் சிதறி ஒன்றையொன்று அழிக்கும். தாளத்தோடு வந்திருந்தால் ஒரு பக்கமாகக் கூடும். அடுத்த அதிர்வெண்ணுக்கு அதே கணக்கு. சன்னல் 0.1 வினாடி என்றால் 10 ஹெர்ட்ஸ் இடைவெளி. 5,000 வரை போக 500 அதிர்வெண்கள்.

இப்படி அளவிடுவதில் ஒரு வசதி உண்டு. வெறும் இரைச்சல் மட்டும் இருந்தால் திறனின் சராசரி 2. ஒரு இடத்தில் தற்செயலாக அது ஒரு மதிப்பைத் தாண்டும் வாய்ப்பு, அந்த மதிப்பில் பாதியை மைனஸ் போட்டு ‘இ’ என்ற எண்ணின் (e, சுமார் 2.718) அடுக்கில் ஏற்றினால் வருவது. திறன் 24 என்றால் மைனஸ் 12-ஆம் அடுக்கு: ஏறக்குறைய 1.6 லட்சத்தில் ஒன்று.

நிஜ அலைவு இருந்தால் எவ்வளவு திறன் வரும்? ஃபோட்டான் எண்ணிக்கையை அலைவு வீச்சின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுங்கள். 1,000 ஃபோட்டான், 20 சதவீத ஏற்ற இறக்கம் என்றால் 1,000 × 0.04 ÷ 2 = 20. இந்த ஒரு வரிக் கணக்கைத் தேடலுக்கு முன்பே போட்டுவிட்டால் எந்த வெடிப்புக்குப் பின்னால் போவது வீண் என்று தெரிந்துவிடும். பின்னணி ஃபோட்டான்கள் தாளம் போடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி பின்னணி என்றால் வீச்சு பாதியாகும், திறன் கால்வாசியாகும்.

நான்காவது: எத்தனை முறை பார்த்தீர்கள்?

இங்கேதான் நான் விழுந்தேன்.

தேட ஆரம்பித்த மூன்றாவது மாதம். ஒரு குறுகிய வெடிப்பில், 1,900 ஹெர்ட்ஸ் பக்கம், திறன் 24. சுற்றிலும் இரண்டும் மூன்றுமாகக் கிடக்க நடுவில் ஒற்றைப் பனைமரம். 1.6 லட்சத்தில் ஒன்று! ராத்திரி இரண்டு மணிக்கு நண்பரைப் போனில் எழுப்பினேன். அவர் பாதித் தூக்கத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: “இது எத்தனாவது தடவைடா?”

காலையில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு சன்னலில் 500 அதிர்வெண். ஒவ்வொரு வெடிப்பிலும் சன்னலை ஆறு விதமாக நகர்த்தியிருந்தேன். ஆற்றல் வரம்பை மூன்று விதமாக மாற்றியிருந்தேன். அதுவரை ஓட்டியது 40 வெடிப்பு. பெருக்கினால் 3,60,000 பார்வை. 1.6 லட்சத்தில் ஒரு முறை நடப்பது 3.6 லட்சத்தில் இரண்டு முறை நடந்திருக்க வேண்டும். சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததால் எல்லாம் தனித்தனிப் பார்வைகள் அல்ல, சரி. இருந்தாலும் என் பனைமரம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். லாட்டரியில் யாருக்கோ விழுந்தே தீரும் என்பது தெரியும். அந்த யாரோ நாமாக இருக்கும்போது அது மறந்துவிடுகிறது.

அதனால்தான் நோட்டு. பார்ப்பதற்கு முன்பே எத்தனை பார்வை என்று எழுதிவிட்டால் திறன் தாண்ட வேண்டிய வாசலின் உயரத்தையும் முன்பே குறித்துவிடலாம். ஒரே ஒரு வெடிப்பு, 500 அதிர்வெண், தற்செயல் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குக் கீழே என்றால் திறன் 21.6-ஐத் தாண்ட வேண்டும். அதையே 700 வெடிப்புகளில் தேடினால் 34.7. வாசல் அவ்வளவாக உயரவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்வை 700 மடங்கு, உயரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. நேர்மையாக எண்ணுவதற்கு ஆகும் செலவு இவ்வளவுதான்.

க்யூபிஓ பல அதிர்வெண்களில் பரவியிருக்கும் என்பதால் பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களைக் கூட்டியும் பார்ப்பீர்கள். கூட்டிய அகலங்கள் ஒவ்வொன்றும் இன்னொரு பார்வை. கிரெண்டி குழு இதற்கெல்லாம் பேயஸ் முறையில் போனது: ‘இரைச்சல் மட்டும்’ என்ற மாதிரி, ‘இரைச்சலோடு க்யூபிஓ’ என்ற மாதிரி, தரவு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கேட்பது. நல்ல முறை. ஆனால் கையால் எண்ணிப் பழகாமல் நேரே அங்கே போனால், மென்பொருள் துப்பும் எண்ணை அப்படியே நம்பிவிடுவீர்கள்.

ஐந்தாவது: கருவி செய்யும் குறும்பு

ஜிபிஎம் ஒரு ஃபோட்டானைப் பிடித்ததும் 2.6 மைக்ரோவினாடி கண்ணை மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில் வந்தது பதிவாகாது. ஃபோட்டான்கள் இதனால் கொஞ்சம் ‘வரிசையில்’ வருகின்றன, இரைச்சல் குறைகிறது. ஒரு உணரியில் வினாடிக்கு 10,000 வந்தால் சராசரித் திறன் 2-க்குப் பதில் 1.9 ஆக இறங்கும். சின்ன வித்தியாசம். ஆனால் 2 என்றே வைத்துக் கணக்குப் போட்டால் நிஜ அலைவைக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

மிகப் பிரகாசமான வெடிப்புகளில் கதையே வேறு. 2022 அக்டோபர் 9-இல் வந்த வெடிப்பு ஜிபிஎம்மைத் திணறடித்தது. தரவில் ஓட்டைகள் விழுந்தன, துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஓட்டை சீராக விழுந்தால் அதுவே தாளம் போல் தெரியும். ஃபோட்டான் நிறைய இருக்கிறதே என்று ஆசைப்பட்டு அந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள். பயன்படுத்தக் கூடாத நேரங்களைக் கருவிக் குழுவே அறிவிக்கும், தேடிப் படியுங்கள்.

அண்டக்கதிர் துகள் ஒன்று விண்கலத்தைத் துளைத்துக்கொண்டு போனால் பல உணரிகளில் ஒரே நொடிப்பொழுதில் பொய்ப் பதிவுகள் ஏறும். வெவ்வேறு உணரிகளில் சில மைக்ரோவினாடிக்குள் சேர்ந்து வந்தவற்றை முதலில் களையெடுத்துவிடுங்கள்.

குறைந்த அதிர்வெண் பக்கம், நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே, வெடிப்பின் வடிவமே திறனை ஏற்றிவிடும். செந்நிற இரைச்சல் என்பார்கள். அங்கே ‘சராசரி 2’ செல்லாது. 2021 டிசம்பர் 11-இன் வெடிப்பு இதற்கு உதாரணம். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் நீண்டும், கிலோநோவா (நியூட்ரான் விண்மீன் மோதலில் சிதறிய பொருள் ஒளிர்வது) தெரிந்ததால் நியூட்ரான் விண்மீன் மோதலோடு சேர்த்துப் பேசப்படுவது. அதன் முன்னோட்டத் துடிப்பில் 22 ஹெர்ட்ஸ் அலைவு இருப்பதாக ஒரு குழு சொன்னது. முன்னோட்டம் நீடித்தது சுமார் 0.2 வினாடி. 22-ஐ 0.2-ஆல் பெருக்குங்கள்: நான்கு சுற்றுச் சில்லறை. நான்கு மேடு வரிசையாக வந்தால் தாளமா, தற்செயலா? எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கிலோஹெர்ட்ஸில் இந்தத் தலைவலி இல்லை, 0.1 வினாடிக்குள் 260 சுற்று வந்துவிடும். புதியவர்கள் 500 ஹெர்ட்ஸுக்கு மேலேயே இருங்கள்.

ஆறாவது: மேடு வந்துவிட்டது. இனி?

வாசலைத் தாண்டிய ஒன்று கிடைத்தால் முதலில் அதைக் கொல்லப் பாருங்கள்.

உணரிகளை இரண்டு கட்சியாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுங்கள். நிஜ அலைவு என்றால் இரண்டிலும் ஏறக்குறைய பாதித் திறன் இருக்கும், கோணமும் ஒத்துப்போகும். ஏதோ ஒரு உணரியின் கோளாறால் வந்த மேடு ஒரு கட்சியில் பலமாக நின்று மற்றதில் காணாமல் போகும். இந்த ஒரு சோதனையே என் பாதி மேடுகளைச் சாய்த்திருக்கிறது. பிறகு வெடிப்புக்கு முந்தைய பத்து வினாடியில் அதே நீளச் சன்னல்களை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே அதிர்வெண்ணில் மேடு என்றால் பாடுவது வானம் அல்ல, விண்கலம். அடுத்து, வெடிப்பின் வழவழப்பான வடிவத்தை மட்டும் வைத்து ஆயிரக்கணக்கில் போலி வெடிப்புகளை உருவாக்கி, முழுத் தேடலையும், சன்னல் நகர்த்தல் உட்பட, அவற்றின் மேல் ஓட்டுங்கள். எத்தனை போலிகள் உங்கள் மேட்டைத் தாண்டுகின்றன என்பதுதான் உண்மையான தற்செயல் வாய்ப்பு. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

முடிந்தால் இன்னொரு விண்கலத்தின் தரவில் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28-இல் போன ஆஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டிஐ கருவி 20 மைக்ரோவினாடித் துல்லியத்தில் நேரம் குறிக்கிறது. 2,600 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 385 மைக்ரோவினாடி என்பதால் அது தாராளமாகப் போதும்.

இதையெல்லாம் தாண்டியும் மேடு நின்றால், வந்தது நியூட்ரான் விண்மீன் மோதலா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பக்கத்து விண்மீன் மண்டலத்து மேக்னெட்டார் (அதீத காந்தப்புலமுள்ள நியூட்ரான் விண்மீன்) ஒன்றின் மாபெரும் சீற்றம் குறுகிய வெடிப்பு வேடத்தில் வரும். 2020 ஏப்ரல் 15-இல் வந்தது அப்படித்தான், என்ஜிசி 253 மண்டலத்திலிருந்து. அதிலும் 2,132 மற்றும் 4,250 ஹெர்ட்ஸ் அலைவுகளைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஏசிம் கருவி பிடித்தது. அதிர்வெண்ணை மட்டும் வைத்துப் பெற்றோரை அடையாளம் சொல்ல முடியாது. தொலைவையும் மறக்கக் கூடாது: அண்டம் விரிவதால் அலை நீளும் அளவான செம்பெயர்ச்சி 0.3 உள்ள இடத்தில் 3,400 ஹெர்ட்ஸில் துடித்தது நமக்கு 2,615-ஆகத்தான் வந்து சேரும்.

ஒன்றும் கிடைக்காதபோது

இதுதான் வழக்கமாக நடப்பது. அப்போதும் கோப்பை மூடிவிடாதீர்கள், ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. இருந்திருந்தால் எவ்வளவு பெரிய அலைவைப் பிடித்திருப்பேன்?

என் ஜிபிஎம் வெடிப்பு ஒன்றில் 800 ஃபோட்டான், பாதி பின்னணி. வாசல் 34.7. அலைவு வாசலைத் தொட மொத்தத்தில் 29 சதவீத வீச்சு வேண்டும். பின்னணியைக் கழித்தால் வெடிப்பின் ஒளியே 59 சதவீதம் ஏறி இறங்க வேண்டும். அவ்வளவு பெரிதாக எதுவும் துடிக்கவில்லை என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

இப்போது பேட்ஸி. அதன் ஒரு பெரிய உணரியின் பரப்பு 2,025 சதுர சென்டிமீட்டர், அப்படி எட்டு. ஜிபிஎம்மின் ஒரு சோடியம் அயோடைடு தட்டு 126 சதுர சென்டிமீட்டர். பதினாறு மடங்கு வித்தியாசம். அதே வெடிப்பு பேட்ஸியில் விழுந்து பதினாறு மடங்கு ஃபோட்டானைக் கொடுத்திருந்தால், 15 சதவீத அலைவே வாசலைத் தாண்டியிருக்கும். தாளம் கிடைத்த இரண்டு வெடிப்புமே புதிய கருவிகளில் அல்லாமல் 2000 ஜூன் 4-இல் கடலில் விழுத்தாட்டப்பட்ட அந்தப் பழைய விண்கலத்தின் பதிவில் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜிபிஎம்மில் கை பழகிய பிறகு பேட்ஸியின் டிடிஇ கோப்புகளுக்குப் போங்கள். ஆற்றல் தடம் நான்குதான், நேரத் துல்லியம் அதே இரண்டு மைக்ரோவினாடி. முதல் பயிற்சியாக 1991 ஜூலை 11-இன் வெடிப்பை எடுத்து, 2,649 ஹெர்ட்ஸ் பக்கம் உங்கள் இருபது வரி நிரல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் நோட்டில் தேதி போட மறக்க வேண்டாம்.